மங்கல் பிரதியும் மூலத்தின் முகவரியும்

கூத்தில் அக்கறையுள்ள இலக்கிய நண்பர்கள் அடிக்கடி ஒரு குறையைச் சொல்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் கூத்துக் காணொளிகள் மங்கலாக இருக்கின்றன, முகம் தெரியவில்லை, கண் அசைவு தெரியவில்லை, இவற்றை வைத்துக்கொண்டு ஆராயவும் முடியாது, ரசிக்கவும் முடியாது என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தில் பாதியைத்தான் நாங்கள் ஏற்கிறோம். மங்கலாக இருப்பது தன்னளவில் ஒரு குற்றமல்ல. உலகெங்கும் தொலைக்காட்சி நிலையங்களில் மங்கலான பிரதிகளைப் பார்த்துத்தான் அன்றாடம் வேலை நடக்கிறது. குற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது. நம் கைக்கு வந்த அந்த மங்கல் பிரதி எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது, அந்த மூலம் இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாரிடமும் விடை இல்லை. நாங்கள் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கும் புதுச்சத்திரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். லாரியும் கோழிப்பண்ணையும் இப்பகுதியின் அடையாளங்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். மாரியம்மன் நோம்பியும், அதையொட்டிய விடிய விடியக் கூத்தும் இந்தச் சமவெளியின் இன்னொரு அடையாளம். நோம்பியைப் படம்பிடிப்பவர்கள் பெரும்பாலும் கல்யாண வீடியோ எடுக்கும் அதே கடைக்காரர்கள்தாம். தொலைக்காட்சித் தயாரிப்பின் நுட்பம் ஒன்று இன்று அவர்களுடைய மடிக்கணினி வரை வந்து சேர்ந்திருக்கிறது. நுட்பம் வந்த அளவுக்கு அதனோடு வரவேண்டிய ஒழுக்கம் வரவில்லை.

*

அந்த நுட்பத்தின் பெயர் பிராக்ஸி. மூலப் படத்தின் கனமான கோப்பை அப்படியே கணினியில் ஓட்டித் தொகுத்தால் இயந்திரம் திணறும். ஆகவே ஒவ்வொரு மூலக்கோப்புக்கும் தெளிவு குறைந்த, எடை குறைந்த ஒரு பிரதியைத் தயாரித்துக்கொண்டு, அந்தப் பிரதியிலேயே வெட்டியும் ஒட்டியும் படத்தொகுப்பை முடிக்கிறார்கள். முடித்த பிறகு, எங்கெங்கே வெட்டு விழுந்தது என்ற பட்டியலைக் கொண்டு மூலக்கோப்பிலிருந்து இறுதிப் படத்தை உருவாக்குகிறார்கள். பார்வையாளர் காண்பது மூலத்தை. தொகுப்பாளர் கண்டது மங்கல் பிரதியை.

பெயர்தான் புதிது, பழக்கம் பழையது. படச்சுருள் காலத்தில் நெகடிவை யாரும் தொகுப்பு மேசைக்குக் கொண்டுவந்ததில்லை. அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்டைத்தான் தொகுப்பாளர் வெட்டினார், கீறினார், ஒட்டினார். 35 மில்லிமீட்டர் நெகடிவின் விளிம்பில் அடிக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண் ரஷ் பிரிண்டிலும் பதியும். தொகுப்பு முடிந்ததும் எண்ணுக்கு எண் பொருத்தி, கையுறை அணிந்த வேறொருவர் நெகடிவை வெட்டுவார். ரஷ் பிரிண்ட் எவ்வளவு அழுக்கானாலும் படத்துக்குக் கேடில்லை, எண் மட்டும் அழியக்கூடாது.

வீடியோ நாடா வந்தபோது விளிம்பு எண்ணின் இடத்துக்கு டைம்கோடு வந்தது. மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று நான்கு பகுதிகள் கொண்ட ஓர் எண். நம் நாட்டில் நொடிக்கு 25 ஃபிரேம். 02:14:37:09 என்று எழுதினால் அந்த நாடாவில் ஒரே ஒரு சட்டகத்தைத்தான் அது குறிக்கும். உயர்தர நாடாவை ஓட்டும் அறைகளுக்கு மணிக்கணக்கில் வாடகை. எனவே தயாரிப்பாளர்கள் டைம்கோடு எண் திரையிலேயே தெரியும்படி ஒரு விஎச்எஸ் பிரதி எடுத்து, வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட்டிப் பார்த்து, வேண்டிய பகுதிகளின் எண்களைத் தாளில் குறித்துக்கொள்வார்கள். அந்தத் தாளோடுதான் வாடகை அறைக்குள் நுழைவார்கள். சிந்திக்கும் வேலையெல்லாம் மங்கல் பிரதியில் முடிந்திருக்கும்.

கோப்புகளின் காலத்தில் இது இயந்திரத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. 2003இல் சோனி நிறுவனம் அறிமுகப்படுத்திய எக்ஸ்டிகேம் வட்டுக் கருவிகள் படம்பிடிக்கும்போதே இரண்டு பதிவுகளை எழுதின. ஒன்று நொடிக்கு 50 மெகாபிட் வரையிலான உயர்தரப் பதிவு. மற்றது நொடிக்கு சுமார் 1.5 மெகாபிட் கொண்ட மங்கல் பதிவு. இரண்டுக்கும் டைம்கோடு ஒன்றே. செய்தி நிலையங்களில் இதன் பயன் மிகப் பெரிது. ஒரே காட்சியைப் பத்துச் செய்தியாளர்கள் தத்தம் மேசையிலிருந்து ஒரே நேரத்தில் புரட்டிப் பார்க்கலாம். மூலம் சேமிப்பகத்தை விட்டு அசையாது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி காலை ஆறு மணிக்கு முடியும் ஒரு கூத்து எட்டு மணி நேரம். நொடிக்கு 50 மெகாபிட் என்றால் அது 180 ஜிகாபைட். 1.5 மெகாபிட் என்றால் 5.4 ஜிகாபைட். முன்னதை ஒரு வன்தட்டில் வைத்துப் பூட்டலாம். பின்னதை ஒரு சிறு பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் எடுத்துப் போகலாம்.

*

மங்கல் பிரதியில் வேலை செய்வதால் கலைக்கு நன்மை உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வோம். படத்தின் பளபளப்பு குறையும்போது தொகுப்பவரின் கவனம் வேறு விஷயங்களுக்குப் போகிறது. பேச்சு எங்கே நிற்கிறது, தாளம் எங்கே மாறுகிறது, கோமாளி வாய்திறக்கும் முன் எவ்வளவு நேரம் மௌனம் காக்கிறான், கர்ணன் விழும்போது ஆர்மோனியம் எந்தச் சுரத்தில் இழுக்கிறது என்பவை மங்கல் படத்திலும் குறைவின்றிக் கிடைக்கும். கூத்தைப் போல நேரத்தால் கட்டப்பட்ட ஒரு கலைக்கு இவைதாம் எலும்புக்கூடு.

மறைந்துபோகும் விஷயங்களும் உண்டு. முகத்தின் குவியம் சற்றே தவறியிருந்தால் அது மங்கல் பிரதியில் தெரியாது. இரண்டுமே மங்கல்தானே. பந்தலின் ஓரத்தில் அமர்ந்து அழும் கிழவியின் முகம் அதில் நாலைந்து புள்ளிகளாகிவிடும். முகத்தில் எழுதிய வண்ணத்தின் நுண்கோடுகள் ஒரே பூச்சாகிவிடும். ஆகவேதான் தேர்ந்த தொகுப்பாளர்கள் கடைசியில் ஒருமுறையாவது மூலத்தை முழுமையாகப் பார்க்காமல் படத்தை வெளியே விடுவதில்லை. மங்கல் பிரதியை நம்பலாம், எதற்கு நம்பலாம் என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

நூல்களோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முன்னுரைகளில் எந்த ஏடு எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று குறித்து வைத்தார். ஏட்டில் செல்லரித்த இடமும் இருந்தது, எழுதினவர் பிழைபட எழுதிய இடமும் இருந்தது. குறையுள்ள பிரதி என்று அவற்றை ஒதுக்கியிருந்தால் நமக்குப் பல நூல்கள் கிடைத்திரா. ஒவ்வொரு பிரதிக்கும் வந்த வழி குறிக்கப்பட்டதால்தான் ஒன்றோடொன்றை ஒப்பிட முடிந்தது, பின்வந்தவர்கள் திரும்பிச் சென்று சரிபார்க்க முடிந்தது. டைம்கோடு செய்வதும் இந்த வேலையைத்தான். பிரதியை மூலத்தோடு கட்டிவைக்கும் கயிறு அது.

*

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. 1969 ஜூலையில் நிலவில் மனிதன் இறங்கிய காட்சி நொடிக்கு 10 ஃபிரேம் கொண்ட தனி முறையில் பூமிக்கு வந்தது. சாதாரணத் தொலைக்காட்சியில் காட்ட அந்த முறை ஒத்துவராது. ஆகவே தரைநிலையத்தில் ஒரு திரையில் அதை ஓடவிட்டு, எதிரே ஒரு தொலைக்காட்சி கேமராவை நிறுத்திப் படம்பிடித்து ஒளிபரப்பினார்கள். உலகம் பார்த்தது அந்த மங்கல் பிரதியை. மூலச் சமிக்ஞை பதிவான நாடாக்களைப் பல ஆண்டுகள் தேடிய நாசா, அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கக் கூடும் என்று 2009இல் அறிவித்தது. இன்று செப்பனிட்டுக் காட்டப்படுவது தொலைக்காட்சி நிலையங்களில் எஞ்சிய பிரதிகளிலிருந்து எடுத்தது.

பிபிசி தன் புகழ்பெற்ற 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களின் நாடாக்களைத் துடைத்துவிட்டு வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் நெடுங்காலமாகக் கிடைக்காமலே இருக்கிறது. ஆனால் ஒலி முழுதும் கிடைக்கிறது. காரணம், ஒளிபரப்பின்போது ரசிகர்கள் சிலர் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்திருந்தார்கள். படமே இல்லாத பிரதியை விட மங்கலான பிரதி வேறென்ன இருக்க முடியும்? அதுவும் உதவியது.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1931இல் வெளியான 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றும் எஞ்சவில்லை. முதல் இரு பத்தாண்டுகளின் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதியின் கதி அதுவே. அக்காலத் திரைப்படங்களை ஆராய்ந்தவர்களுக்குக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களே பெரிதும் கைகொடுத்தன. கதைச் சுருக்கம், நடித்தவர் பெயர்கள், பாடல் வரிகள் இவ்வளவுதான் அதில் இருக்கும். அந்த மலிவுத்தாள் புத்தகம்தான் இன்று அந்தப் படத்தின் மங்கல் பிரதி. எங்கள் பக்கத்துச் சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. தமிழில் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்துதான் வந்தது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர், இங்கே வெட்டிய நெகடிவெல்லாம் எங்கே என்று கேட்டிருப்பார்கள்?

*

இனி எங்கள் ஊர்ப்பக்கத்து நடைமுறையைச் சொல்கிறோம். விஎச்எஸ் காலத்தில் நோம்பியும் கல்யாணமும் நாடாவில் இருந்தன. நாடா பூஞ்சணம் பிடித்தது. ஓட்டுவதற்குக் கருவி இல்லாமல் போயிற்று. உலகில் கடைசியாக அக்கருவியைச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. அதன்பின் வந்த சிறு டிவி நாடாக்கள் அலமாரியிலாவது கிடந்தன. படத்தை அழித்து மறுபடி பயன்படுத்துவதை விடப் புது நாடா வாங்குவது எளிது என்பதால் அவை தப்பித்தன.

மெமரி கார்டு வந்தபின் நிலைமை தலைகீழ். கார்டு விலை கூடியது, மறுநாள் முகூர்த்தத்துக்கு அது வேண்டும். இரவெல்லாம் கூத்தைப் படம்பிடித்து வந்து, கணினியில் பிராக்ஸி எடுத்து, தொகுத்து, இணையத்தில் ஏற்ற ஒரு கோப்பும் கோயில் கமிட்டிக்கு ஒரு பென் டிரைவும் கொடுத்தபின், மூலக்கோப்பு அழிக்கப்படுகிறது. சில வேளைகளில் அவசரத்தில் பிராக்ஸியே இறுதிப் படமாக வெளியேறிவிடுவதும் உண்டு. பார்க்கிறவர்கள் கைபேசியில் பார்ப்பதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. அந்தப் பென் டிரைவிலிருந்து ஒருவர் வாட்ஸப்பில் அனுப்ப, அது மேலும் சுருங்க, அதை இன்னொருவர் மீண்டும் இணையத்தில் ஏற்ற, கடைசியில் நம் நண்பர்கள் குறைபட்டுக்கொள்ளும் அந்தக் காணொளி பிறக்கிறது. ஆடியவர் யார், எந்த ஜமா, எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. வேலைசெய்ய உதவியாக வந்த பிரதி வாரிசாகி, அதுவும் பெயரிழந்த வாரிசாகி நிற்கிறது.

கடைக்காரரைக் குறை சொல்ல நாங்கள் எழுதவில்லை. அவர் தொழில் செய்கிறார். மூலத்தை வைத்திருக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை, அதற்குக் காசு கொடுத்ததும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் கூத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற, கருத்தரங்கு நடத்துகிற நாம்தான்.

இதற்கு வழக்கமாக மூன்று மறுப்புகள் வருகின்றன. முதலாவது, இவ்வளவு கோப்பை எங்கே வைப்பது என்பது. இரண்டு கேமராவில் எடுத்த ஓர் இரவுக் கூத்து மேலே சொன்ன கணக்கின்படி 360 ஜிகாபைட். 4 டெராபைட் வன்தட்டு ஒன்றில் பதினோரு இரவுகள் அடங்கும். ஒரு ஜமா ஒரு பருவத்தில் ஆடும் முக்கியமான இரவுகளுக்கு இது போதும். பாதுகாப்புக்கு இன்னொரு வன்தட்டில் மறுபிரதி வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு புத்தக வெளியீட்டு விழாவின் பந்தல் செலவைத் தாண்டாது என்றே நினைக்கிறோம்.

இரண்டாவது மறுப்பு, எல்லாவற்றையும் எதற்கு வைத்திருக்க வேண்டும் என்பது. வைத்திருக்க வேண்டியதில்லைதான். ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்க முதலில் பார்த்தாக வேண்டும். மங்கல் பிரதி பிறந்ததே அந்தப் பார்வைக்காகத்தான். எட்டு மணி நேரத்தை நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் துகிலுரிதல் காட்சி போதும், இந்த நல்லதங்காள் புலம்பல் போதும் என்று எண்களைக் குறித்து, அந்தப் பகுதிகளின் மூலத்தை மட்டும் காத்தாலும் பெரிய வேலைதான். பார்க்காமல் அழிப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

மூன்றாவது மறுப்பு கனமானது. மூலம் யாருக்குச் சொந்தம்? ஆடியவர்களுக்கா, படம்பிடித்தவருக்கா, காசு கொடுத்த கமிட்டிக்கா? கலைஞனுக்கு ஒரு பைசாவும் சேராமல் அவன் ஆட்டம் உலகமெங்கும் சுற்றுகிறது என்ற ஆதங்கம் நியாயமானது. இதற்கும் தொலைக்காட்சித் தொழிலிலேயே வழி இருக்கிறது. பழைய செய்திப்படங்களை விற்கும் பெரிய காப்பகங்கள் மங்கல் பிரதியைத்தான் எல்லோர் பார்வைக்கும் திறந்து வைக்கின்றன. டைம்கோடும் நிறுவன முத்திரையும் படத்தின் மீதே தெரியும். வேண்டியவர் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டினால் மூலத்திலிருந்து அந்தப் பகுதி கிடைக்கும். கூத்துக்கும் இதையே செய்யலாம். மங்கல் பிரதி ஊருக்கு, மூலம் ஜமாவுக்கு. ஆவணப்படக்காரரோ பல்கலைக்கழகமோ கேட்டால் வாத்தியாரின் சம்மதத்தோடு, அவருக்குரிய தொகையோடு கொடுக்கலாம். அப்போது படம் மங்கலாக இருப்பது கலைஞனுக்கு ஒரு காப்பாகவும் ஆகும்.

*

இந்த நுட்பத்தால் கூத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய நன்மை ஒன்று மீதமிருக்கிறது. ஒரு காட்சியில் வாத்தியார் பாடும் விருத்தம் எந்தப் பாடம், யாரிடம் கற்றது, இந்த அடவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன, இந்த ஊரில் மட்டும் ஏன் இந்தக் காட்சி நீள்கிறது என்பதெல்லாம் கலைஞர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களை ஒரு நகரத்து ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்து உட்காரவைத்துக் கேட்பது நடக்காத காரியம். ஆனால் டைம்கோடு தெரியும் மங்கல் பிரதியை அவர்கள் கைபேசியில் போட்டுக் கொடுத்துவிடலாம். திண்ணையில் உட்கார்ந்து பார்த்து, '02:14:37 வந்த இடத்தில் பாடுவது பழைய பாடம்' என்று ஒரு தாளில் எழுதினாலோ குரலில் பதிந்து அனுப்பினாலோ போதும். அந்தக் குறிப்பு மங்கல் பிரதியோடு அழியாது. எண் ஒன்றே ஆதலால் மூலத்திலும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூத்த வாத்தியார்கள் குறைந்துவரும் காலத்தில் இந்த வேலையை ஒத்திப்போட முடியாது.

1960களில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் அம்மையார் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். பின்னர் அது அச்சிலும் வந்தது. அச்சு நூல் மட்டும் இருந்திருந்தால் பாடியவரின் குரல் நமக்கு இல்லை. நாடா மட்டும் இருந்திருந்தால் நம்மில் யாரும் அதைக் கேட்டிருக்கப் போவதில்லை. இரண்டும் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகமுடிகிறது. சேலம் மாவட்டத்தில் 'மணல்வீடு' சிற்றிதழைச் சுற்றியுள்ள நண்பர்கள் கூத்துக் கலைஞர்களுக்காகப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பணியை நம் வாசகர்கள் அறிவார்கள். அத்தகைய முயற்சிகளுக்குப் பக்கபலமாக நாம் செய்யக்கூடிய சிறு காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

உங்கள் ஊர் நோம்பியில் கூத்து வைத்தால், படம்பிடிப்பவரிடம் முன்பணம் கொடுக்கும்போதே ஒரு வன்தட்டையும் கொடுங்கள், கார்டை அழிக்கும் முன் மூலக்கோப்புகளை அதில் போடச் சொல்லுங்கள். கேமராக்களின் டைம்கோட்டை ஆட்டம் தொடங்கும் முன் ஒரே எண்ணில் வைக்கச் சொல்லுங்கள், அது அவருடைய தொகுப்பு வேலைக்கும் சுலபம். கோப்பின் பெயரில் ஊர், ஜமா, கதை, தேதி ஆகிய நான்கும் இருக்கட்டும். எண் தெரியும் மங்கல் பிரதியை எல்லோருக்கும் கொடுங்கள். வன்தட்டுகளில் ஒன்றை வாத்தியார் வீட்டில் சேருங்கள், மற்றதை ஊரில் பொறுப்பான ஒருவரிடம் வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். பங்குனி, சித்திரை நோம்பிகளுக்கு முன்பாகப் புதுச்சத்திரம் வட்டாரத்து வீடியோக் கடைக்காரர்களிடமும் ஜமாக்காரர்களிடமும் இதைப் பேச நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். மற்ற ஊர் வாசகர்களும் தத்தம் ஊரில் பேசிப் பார்த்து, என்ன பதில் கிடைத்தது என்று எழுதுங்கள்.